இரண்டாயிரம் ரூபாயும் எங்கள் அரளிக் காடும்: பி.எம். கிசானுக்கு என் மதிப்பெண்

அவசரமாகப் படிக்கிறவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பி.எம். கிசான், அதாவது விவசாயிகளுக்கு மத்திய அரசு கொடுக்கிற உதவிப் பணம், நிஜமாகவே வருகிறது. பட்டா, ஆதார், பேங்க் மூன்றிலும் பேர் ஒத்துப்போகிற வீட்டுக்கு, யாரிடமும் போய் நிற்காமல், நேராகக் கணக்கில் வந்து விழுகிறது. மூன்றில் ஒன்று பிசகினால், நீங்கள் எவ்வளவு பாடுபடுகிற விவசாயியாக இருந்தாலும், ஊரே கொரோனாவில் முடங்கிக் கிடந்தாலும் வராது. ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். ஏன் மூன்று, மிச்ச இரண்டு எங்கே போச்சு என்பதை விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் இந்தப் பணம் ஒழுங்காக வந்த காலமும் உண்டு, நான்கு தவணை வராமல் போன காலமும் உண்டு, வந்தும் எங்களுக்கே தெரியாமல் கிடந்த காலமும் உண்டு.

பனமரத்துப்பட்டி பக்கம் எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர். முக்கால் ஏக்கரில் அரளி, மிச்சத்தில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. நான் சேலம் டவுனில் வேலை பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போவேன், வீட்டில் போன், ஓ.டி.பி., ஆன்லைன் வேலை எல்லாம் என் தலையில். அப்பா இருந்தவரை காட்டை அவர் பார்த்தார், இப்போது அம்மா பார்க்கிறார்.

திட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. 2019 பிப்ரவரி 24-ல் தொடங்கினார்கள், 2018 டிசம்பரிலிருந்து கணக்கு வைத்து வருடத்துக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒரு தவணை 2,000. முதலில் இரண்டு ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய ஐந்து ஏக்கர் வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்றிருந்தது, அந்த வருடம் ஜூனிலிருந்து நிலம் வைத்திருக்கிற எல்லோருக்கும் என்று மாற்றினார்கள். வருமான வரி கட்டுகிறவர்கள், அரசு வேலையில் இருப்பவர்கள், மாதம் 10,000 அல்லது அதற்கு மேல் பென்ஷன் வாங்குகிறவர்களுக்குக் கிடையாது. நான் வரி கட்டுகிறவன், எனக்குக் கிடையாது, அது சரிதான். அப்பா பேரில் பட்டா இருந்தது, அப்பா சேர்ந்தார், பணம் வந்தது. அதுவரை அதைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை.

அப்புறம் கொரோனா வந்தது.

2020 மார்ச் 24 சாயங்காலம் ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 போட்டார்கள், மறுநாள் நாடு முழுக்க ஊரடங்கு. பங்குனி மாதம். அம்மன் கோயில் சீசன் ஆரம்பிக்கிற நேரம், செடியெல்லாம் மொட்டுக் கட்டி நிற்கிறது. அரளியை மொட்டாக இருக்கும்போதே பறிக்க வேண்டும், விரிந்துவிட்டால் மாலைக்கு ஆகாது, யாரும் வாங்க மாட்டார்கள். பறிக்கும்போது காம்பிலிருந்து பால் வடியும், விரல் நுனியெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டி, காய்ந்து, தோல் உரியும். மல்லிகை என்றால் வீட்டுப் பெண்கள் தலையில் வைத்துக்கொள்ளலாம், தக்காளி என்றால் ஊருக்குள் கூவி விற்றுவிடலாம், குறைந்தபட்சம் மாட்டுக்காவது போடலாம். அரளியை ஆடு மாட்டுக்குப் போட முடியாது, விஷம். கோயில் ஒன்றுதான் அதற்குப் போக்கிடம், கோயில்கள் சாத்தியிருந்தன. ஊர்க் கோயில்கள் சில ஜூலையில் திறந்தன, பெரிய கோயில்கள் செப்டம்பர் 1-ல்தான் திறந்தன, அதற்குள் ஆடி மாதமே போய்விட்டது. சேலத்தில் ஆடி என்றால் என்ன என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கோட்டை மாரியம்மன் பண்டிகையை நம்பித்தான் எங்கள் பக்கம் பாதிக் குடும்பங்கள் சீட்டுக் கட்டுகின்றன.

பறிக்காமல் விட்டால் செடி கெட்டுவிடும் என்று அப்பா ஆள் வைத்துப் பறித்தார். பறித்த பூவைச் சாக்கில் கட்டாமல் குப்பைக்குழியில் கொட்டினார். சாணியும் சாம்பலும் கிடக்கிற குழியில் செவ்வரளியும் வெள்ளரளியும் முழங்கால் உயரத்துக்குக் கிடந்ததை நான் பார்த்தேன். ஒரு வாரத்தில் அது பழுப்பாகி வாடை வர ஆரம்பித்தது.

இந்த நேரத்தில்தான் மார்ச் 26-ம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ஏழைகளுக்கான 1.70 லட்சம் கோடி ரூபாய் தொகுப்பை அறிவித்தார். அதில் விவசாயிகளுக்கு ஏப்ரலிலேயே 2,000 ரூபாய், 8.7 கோடிப் பேருக்கு என்று சொன்னார்கள். எங்கள் வீட்டுக்கு ஏப்ரலில் வந்துவிட்டது. அறிவித்த பிறகு ஒரு படிவம் கேட்கவில்லை, எந்த வாசலிலும் நிற்க வைக்கவில்லை, பஸ் ஓடாத, பேங்குக்கு வெளியே வட்டம் போட்டு ஆளை நிறுத்திய அந்த மாதத்தில் அப்பாவின் பட்டன் போனுக்கு மெசேஜ் வந்தது. இதற்காகத்தான் முதல் இரண்டு ஸ்டார். அரசாங்கம் ஒரு பொத்தானை அழுத்தினால் பனமரத்துப்பட்டிக் காட்டுக்குப் பணம் வருகிற அளவுக்குக் குழாய் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தது பெரிய விஷயம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். அது புதுப் பணம் இல்லை. ஏப்ரல் முதல் ஜூலைக்குள் எப்படியும் வர வேண்டிய தவணையை ஏப்ரலிலேயே போட்டார்கள், அவ்வளவுதான். அந்த வருடமும் மொத்தம் ஆறாயிரம்தான். கொரோனாவுக்கு என்று கூடுதலாக வந்தது ரேஷன் அரிசிக் கார்டுக்கு மாநில அரசு கொடுத்த 1,000 ரூபாயும், விலையில்லா அரிசி பருப்பும், ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மூன்று மாதம் 500 வீதம் வந்ததும்தான். இந்த மூன்றும் விவசாயி என்பதற்காக வந்தவை இல்லை.

இரண்டாயிரம் எவ்வளவு பெரிய தொகை என்று கணக்குப் பார்க்க எனக்கு ஒரு சுலபமான வழி உண்டு, நூறு நாள் வேலைச் சம்பளம். 2020 ஏப்ரலில் தமிழ்நாட்டில் அது 229-லிருந்து 256 ரூபாய் ஆனது. அப்படியென்றால் ஒரு தவணை ஏறக்குறைய எட்டு நாள் கூலி. 2025-ல் அதே கூலி 336 ரூபாய், தவணை அதே 2,000, ஆறு நாள் கூலிக்கும் காணவில்லை. உரம், டீசல், பறிகூலி எல்லாம் ஏறிவிட்டது, இது மட்டும் 2019-ல் நின்ற இடத்தில் நிற்கிறது. நாளைக்குப் பதினாறு ரூபாய் சொச்சம்.

அந்த ஏப்ரல் பணத்தை என்ன செய்தோம் என்றும் சொல்கிறேன். பேங்கில் கூட்டம், அப்பாவுக்குச் சர்க்கரை, அனுப்பப் பயம். தபால்காரர் கையில் ஒரு சின்ன மெஷினோடு வீட்டுக்கே வந்தார். எந்த பேங்க் கணக்காக இருந்தாலும் ஆதார் இணைந்திருந்தால் போதும், விரல் வைத்தால் பணம் எடுத்துக் கொடுப்பார். அப்பா கட்டைவிரலை வைத்தார், எடுக்கவில்லை. ஆள்காட்டி விரல், எடுக்கவில்லை. நாற்பது வருடம் மண்வெட்டியும் அரளிப் பாலும் பட்ட கையில் ரேகை எங்கே இருக்கும்? அம்மா தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவித் துண்டால் துடைத்துவிட்டார். "மோதிர விரலை வைங்கய்யா, அதுக்குத்தான் வேலை கம்மி" என்றார் தபால்காரர். வைத்தார், மெஷின் பீப் என்றது. அன்றைக்கே, தனக்கும் ஒரு கணக்கு இருக்கட்டும் என்று அம்மா அந்த மெஷினிலேயே தபால் துறை பேமென்ட் பேங்கில் ஒரு கணக்குத் திறந்துகொண்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

ஆயிரம் ரூபாய் மளிகைக்குப் போனது. மிச்ச ஆயிரத்தை எங்கள் காட்டில் பூப் பறிக்கிற இரண்டு பெண்களுக்கு அம்மா ஆளுக்கு ஐந்நூறாகக் கொடுத்துவிட்டார். குப்பைக்குழிக்குப் போன பூவைப் பறித்ததும் அவர்கள்தான், அவர்களுக்கு நிலம் கிடையாது, அதனால் விவசாயி என்ற கணக்கிலும் கிடையாது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

கொரோனா என்ற வார்த்தையை வைத்து நடந்த ஒரு கேவலத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்த வருடம் ஆனி ஆடியில் ஊர் ஊராகச் சிலர் வந்தார்கள். "கொரோனா பணம் வருது, ஆதாரும் பாஸ்புக்கும் கொடுங்க" என்றார்கள். நிலம் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் காட்டில் பூப் பறிக்கிற அக்காவும் கொடுத்தார், கணக்கில் பணம் ஏறியது, சேர்த்துவிட்டவன் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய்விட்டான். சில வாரம் கழித்து, நீங்கள் விவசாயி இல்லை, பணத்தைத் திருப்பிக் கட்டுங்கள் என்று வந்து நின்றார்கள். அவர் வாங்கியது கொரோனா உதவி என்று நம்பித்தான். கட்டினது மொத்தத் தொகை, கமிஷன் போனது போனதுதான். அந்தப் பணம் பி.எம். கிசான் என்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும்.

அது எங்கள் ஊரோடு நின்ற விஷயம் இல்லை. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று பல மாவட்டங்களில் நடந்தது. அதிகாரிகளின் பாஸ்வேர்டைப் பயன்படுத்தித் தகுதியில்லாதவர்களை லட்சக்கணக்கில் ஏற்றியிருந்தார்கள். 2020 செப்டம்பரில் அப்போதைய வேளாண் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி 110 கோடி ரூபாய் முறைகேடாக எடுக்கப்பட்டது என்றும், அதில் 32 கோடி மீட்கப்பட்டது என்றும் சொன்னார். சி.பி.சி.ஐ.டி. விசாரணை, கைது, பணிநீக்கம் எல்லாம் நடந்தது. எனக்கு ஆறாதது வேறு. நிஜமாகவே நிலம் வைத்திருக்கிறவன் பேரில் ஒரு எழுத்து மாறினால் நிறுத்தி வைக்கிற அதே கம்ப்யூட்டர், நிலமே இல்லாதவர்களை அந்த அளவுக்கு உள்ளே விட்டிருக்கிறது. அதற்குப் பிறகு சோதனை இறுகியது, இறுகியதின் வலி முழுக்கக் காகிதம் தேடி அலைகிற ஏழை விவசாயி மேல்தான் விழுந்தது.

இன்னொரு நிவாரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. 2021 பிப்ரவரி 5-ல் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, எங்கள் மாவட்டத்துக்காரர், கூட்டுறவு பேங்குகளில் வாங்கிய பயிர்க்கடன் தள்ளுபடி என்று சட்டசபையில் அறிவித்தார். 16.43 லட்சம் விவசாயிகள், 12,110 கோடி ரூபாய். கொரோனாவும் நிவர், புரெவி புயல்களும் காரணம் என்றார்கள். தமிழ்நாட்டு விவசாயிக்குக் கொரோனா காலத்தில் கிடைத்ததிலேயே பெரியது அதுதான், எங்கள் ஊரில் எத்தனையோ வீட்டுக்கு மூச்சு வந்தது. ஜனவரி 31 அன்று நிலுவையில் இருந்த கடனுக்குத்தான் தள்ளுபடி. எங்கள் அப்பா பொங்கல் முடிந்த வாரம், கெடுவுக்குள் கட்டினால் வட்டியில்லை என்று, அம்மாவின் தோட்டை அடகு வைத்துக் கட்டி முடித்திருந்தார். அதைக் கேட்டபோது, "கட்டுனது கட்டுனதுதான்டா, விடு" என்றார். ஒழுங்காகக் கட்டினவர்களுக்கும் ஏதாவது கொடுத்திருக்க வேண்டும் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இனி சேவை எப்படி என்பதற்கு வருகிறேன். இதுவரை சொன்னது அப்பா இருந்த காலம்.

2022 ஆடியில் அப்பா தவறிவிட்டார். அந்த வருடம்தான் இ-கே.ஒய்.சி., அதாவது ஆதாரை வைத்து ஆளைச் சரிபார்ப்பது, கட்டாயம் என்று வந்தது, அதை அவர் இருக்கும்போதே முடித்திருந்தோம். அதனால் அக்டோபர் 17-ல் பன்னிரண்டாவது தவணை அவர் கணக்கில் வந்து விழுந்தது. அது எங்கள் பணம் இல்லை. வேளாண்மை அலுவலகத்தில் இறப்புச் சான்றிதழோடு எழுதிக் கொடுத்தோம், திருப்பிக் கட்டச் சொன்னார்கள், கட்டினோம். இங்கே ஒரு நல்ல விதி உண்டு, பலருக்குத் தெரியாது. 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு விலைக்கு வாங்கிய நிலத்துக்கு இந்தப் பணம் கிடையாது, ஆனால் பட்டாதாரர் இறந்து வாரிசுக்கு வந்த நிலம் என்றால் உண்டு. அதனால் அம்மா சேரலாம். சேர வேண்டுமென்றால் பட்டா மாற வேண்டும்.

பட்டா மாற வாரிசுச் சான்று வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் போட்டோம், வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஒவ்வொரு படியாகப் போய் மூன்று மாதம் ஆனது. பட்டாவுக்குப் போட்டால், பழைய பட்டாவில் தாத்தா பேர் ஒரு மாதிரி, அப்பாவின் ஆதாரில் வேறு மாதிரி, நிராகரித்துவிட்டார்கள். திரும்பப் போட்டோம். பட்டா கைக்கு வந்தது 2023 தீபாவளிக்குப் பிறகு. சரி, முடிந்தது என்று பார்த்தால் அம்மா பேரில் ஆதாரில் 'ஜ', பட்டாவில் 'ச'. தமிழில் எப்படிச் சொன்னாலும் ஒரே ஆள்தான், ஊரில் யாரைக் கேட்டாலும் தெரியும், ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு ஆள் ஆகிவிடுகிறது. ஆதாரைத் திருத்தி, பி.எம். கிசானில் அம்மா பேரைப் பதிந்தபோது 2024 ஏப்ரல். அதற்குள் நான்கு தவணை போய்விட்டது, எட்டாயிரம் ரூபாய். அந்த நான்கு தவணைக் காலத்திலும் காட்டில் களை எடுத்தது, பூப் பறிக்க ஆள் விட்டது, கிழங்குக்குத் தண்ணீர் கட்டினது எல்லாம் அம்மாதான். அவர் விவசாயம் பார்ப்பதை ஒருநாளும் நிறுத்தவில்லை, ஆனால் காகிதம் பேசத் தொடங்கிய பிறகுதான் விவசாயி ஆனார். ஒரு ஸ்டார் இங்கே போனது.

இ-கே.ஒய்.சி. பற்றி ஒரு நல்ல வார்த்தை. பொதுச் சேவை மையத்தில் விரல் வைத்துச் செய்ய 15 ரூபாய்தான் கட்டணம், அதற்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள். அம்மாவுக்கு விரலே எடுக்கவில்லை, போய் இரண்டு முறை திரும்பினோம். 2023-லிருந்து முகத்தைக் காட்டியே முடிக்கிற வசதி செயலியில் இருக்கிறது, அதை அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுக் கொட்டகைக்கு வெளியே, வெளிச்சம் பார்த்து அம்மாவை நிறுத்தி, போனை நீட்டி, "கண்ணைச் சிமிட்டும்மா" என்றேன். அம்மா போட்டோ என்று நினைத்து முந்தானையைச் சரி செய்துகொண்டு அசையாமல் நின்றார். இரண்டாவது தடவை சிமிட்டினார், பச்சை டிக் வந்துவிட்டது. ரேகை தேய்ந்த எல்லாப் பெரியவர்களுக்கும் இதைச் செய்து கொடுங்கள், ஐந்து நிமிட வேலை.

அப்புறம்தான் பெரிய குழப்பம். இணையதளத்தில் பார்த்தால் ஜூன் தவணை வந்ததாகக் காட்டுகிறது, அக்டோபர் தவணையும் வந்ததாகக் காட்டுகிறது. அம்மாவின் பேங்க் பாஸ்புக்கில் வரவே இல்லை. பேங்கில் கேட்டால் எங்களுக்கு வரவில்லை என்கிறார்கள், வேளாண்மை அலுவலகத்தில் கேட்டால் அனுப்பியாகிவிட்டது என்கிறார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். நாம் படிவத்தில் எழுதிக் கொடுக்கிற கணக்குக்கு இந்தப் பணம் போவதில்லை, ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தோமோ அங்கே போகிறது. கார்த்திகை மாதம் தபால்காரர் வேறு வேலையாக வந்தவர், "ஆயா, நீங்க கொரோனா டைம்ல ஒரு கணக்குத் திறந்தீங்கல்ல, விரலை வைங்க பார்ப்போம்" என்றார். அம்மாவும் எண்ணெய் தடவித்தான் வைத்தார். நாலாயிரம் ரூபாய் அதில் கிடந்தது. ஊரடங்கில் அன்றைக்கு ஒருநாள் திறந்துவிட்டு மறந்துபோன கணக்கு. பணம் வரவில்லை என்று அலைகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள், ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று. எத்தனை கிழவிகளின் தவணை இப்படி எந்தக் கணக்கில் தூங்குகிறதோ. அந்தத் தபால்காரருக்கு மட்டும் தனியாக மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு ஐந்து.

மூன்றாவது ஸ்டார் அம்மாவுக்கு இப்போது ஒழுங்காக வருவதற்காக. 2025 நவம்பர் 19-ல் பிரதமர் கோவையில் வைத்து இருபத்தொன்றாவது தவணையை விடுவித்தார், அன்றைக்குச் சாயங்காலமே வந்துவிட்டது.

எங்களுக்கு ஒரு பட்டா, மூன்று வாரிசு, பக்கத்தில் ஆபீஸ், வீட்டில் படித்த பையன், அதற்கே இந்தப் பாடு. ஏற்காட்டில் எங்களுக்கு வருடா வருடம் மிளகு கொடுக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார், நாகலூர் தாண்டி ஊர். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி, அடியில் காப்பி, அறுபது சென்ட். பட்டா இன்னும் தாத்தா பேரில். வாரிசு பதினொரு பேர், பாதிப் பேர் பிழைப்புக்கு வெளியூர் போய்விட்டார்கள், அவர்களை ஒரே நாளில் ஒரே இடத்தில் கையெழுத்துக்கு நிறுத்துவது நடக்கிற காரியமா? 2020-ல் மிளகு பறித்துக் காயவைத்து மூட்டை கட்டி வைத்திருந்தார், அடிவாரத்திலிருந்து வியாபாரி மேலே ஏற முடியாது, இவர் கீழே இறங்க முடியாது. அந்த ஏப்ரலில் அவருக்கு இரண்டாயிரம் வரவில்லை, இன்று வரைக்கும் ஒரு தவணையும் வரவில்லை. "மலையில இருக்கிற பாதிப் பேருக்கு இப்படித்தான் சாமி, நிலம் இருக்கு, பேரு இல்ல" என்றார். மலைக் கிராமங்களுக்கு வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் ஒரே நாளில் சேர்ந்து வந்து, வாரிசுச் சான்று, பட்டா, பதிவு மூன்றையும் அங்கேயே உட்கார்ந்து முடித்துக் கொடுத்தால் ஒழிய அவருக்குக் கிடைக்காது.

குத்தகைக்காரர்கள் நிலைமை அதைவிட மோசம், ஏனென்றால் அவர்களுக்குக் காகிதத்தைச் சரிசெய்யவே வழியில்லை. எங்கள் காட்டுக்கு அடுத்த காட்டில் ஒரு அக்கா பதினைந்து வருடமாகக் குச்சிக்கிழங்கு போடுகிறார். நிலத்துக்காரர் டவுனில் இருக்கிறார், நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊரடங்கில் ஜவ்வரிசி மில்லுக்கு லோடு போக முடியாமல் கிழங்கு மண்ணிலேயே நின்றது. கிழங்கை விட்டு வைக்கலாம், பூ மாதிரி அன்றைக்கே அழுகாது, ஆனால் நாள் ஆக ஆகப் பாயின்ட், அதாவது மாவுச்சத்து அளவு, இறங்கும், மில்லில் பாயின்ட் பார்த்துத்தான் விலை. இறங்கின நஷ்டம் அக்காவுக்கு. ஏப்ரலில் வந்த இரண்டாயிரம் நிலத்துக்காரருக்கு.

குத்தகையைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. ஆனால் எழுதிப் பதிய நிலத்துக்காரர்கள் பயப்படுகிறார்கள், நிலம் போய்விடுமோ என்று, குத்தகைக்காரரும் வற்புறுத்தினால் அடுத்த வருடம் காடு கிடைக்காதோ என்று வாயைத் திறப்பதில்லை. வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒடிசாவில் காலியா திட்டத்தில் நிலமில்லாதவர்களையும் குத்தகைக்காரர்களையும் சேர்த்தார்கள். ஆந்திராவில் ரைத்து பரோசா திட்டத்தில் பட்டியலினம், பழங்குடி, பிற்பட்டோர், சிறுபான்மையினர் என்றால் குத்தகை விவசாயிக்கும் உண்டு என்று வைத்தார்கள். செய்ய மனம் இருந்தால் செய்யலாம். இதைச் செய்யாததற்குத்தான் நான் இன்னொரு ஸ்டாரைப் பிடித்து வைத்திருக்கிறேன், என்றைக்குச் செய்கிறார்களோ அன்றைக்கு இந்த விமர்சனத்தைத் திருத்தி எழுதுவேன்.

புதிதாக 2025-லிருந்து விவசாயிகளுக்குப் பதினொரு இலக்கத் தனி அடையாள எண் கொடுக்கிறார்கள், இனிமேல் தவணைக்கு அது வேண்டும் என்கிறார்கள், இன்னும் வாங்காதவர்கள் வாங்கிவிடுங்கள். எங்கள் ஊரில் முகாம் போட்டபோது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பட்டா, ஆதார், ஆதாரில் இணைத்த போன், ஓ.டி.பி., கால் மணி நேரத்தில் முடிந்தது, ஒரு பைசா வாங்கவில்லை, அந்தப் பெண் அலுவலர் பொறுமையாக அம்மாவிடம் சர்வே நம்பரை ஒரு தடவை படித்தும் காட்டினார்.

எங்களுக்குப் பின்னால் அந்த அடுத்த காட்டு அக்கா நின்றிருந்தார். கையில் ஆதார், பாஸ்புக், ரேஷன் கார்டு மூன்றும் ஒரு ஜவுளிக்கடைப் பையில். பட்டா கேட்டார்கள். குத்தகைங்க என்றார். அலுவலர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, "இதுல அதுக்கு இடமே இல்லைங்க அக்கா" என்றார். அவருக்கும் சங்கடம், முகத்திலேயே தெரிந்தது. அக்கா மூன்றையும் திரும்பப் பையில் வைத்துச் சுருட்டினார். நான் ஏதோ சொல்ல வாய் எடுத்தேன்.

"இருக்கட்டும் தம்பி. மில்லுல இன்னிக்குப் பாயின்ட் பார்க்கிறாங்க, லோடு நிக்குது, நான் போகணும்" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார்.